பிளானில் தொகை குறையவில்லை, தெரபிஸ்ட் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை: 2025 ஜூலை 1-க்குப் பிறகான என்.டி.ஐ.எஸ் கணக்கு

கணக்குப்பிள்ளை | 6 அக்டோபர் 2025

என்.டி.ஐ.எஸ், அதாவது ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் பற்றி, மன்றத்தின் நாலைந்து இழைகளில் ஒரே கேள்வி சிதறிக் கிடக்கிறது: "பிளானில் காசு அப்படியே இருக்கு. ஆனா பிசியோ இனிமே வீட்டுக்கு வர முடியாதுங்கிறார். யார் எதை வெட்டினாங்க?" பிளான் என்பது திட்டம் ஒருவருக்கு ஒதுக்கும் தொகை. பதிலை ஒரே இடத்தில் போட்டு வைப்போம். பிளான் மேனேஜ்மென்ட்டில், அதாவது குடும்பங்களுக்காகப் பிளான் காசைக் கையாளும் வேலையில், இன்வாய்ஸ் பார்க்கிற கண்ணோடு எழுதுகிறேன். சிகிச்சைப் பக்கத்தைத் தெரபிஸ்டுகள் வந்து சொல்லட்டும்.

2025 ஜூலை 1 முதல் பிசியோதெரபிக்கான விலை வரம்பு மணிக்கு 193.99 டாலரிலிருந்து 183.99 ஆனது. மேற்கு ஆஸ்திரேலியா, தென் ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, வட ஆட்புலம் நான்கிலும் அதுவரை 224.62 இருந்தது, அங்கேயும் அன்று முதல் 183.99தான். டயட்டீஷியன், பொடையாட்ரி (பாத மருத்துவம்) 193.99-லிருந்து 188.99. ஓ.டி (அன்றாட வேலைகளுக்கான செயல்வழித் தெரபி), ஸ்பீச் (பேச்சுத் தெரபி) இரண்டும் 193.99-லேயே நின்றன, 2019-லிருந்து அதே எண். சைக்காலஜி நாடு முழுக்க 232.99 என்று ஒன்றாக்கப்பட்டது; சிட்னி, மெல்பர்ன் பக்கம் பத்து டாலர் ஏற்றம், பெர்த், அடிலெய்டு பக்கம் இறக்கம்.

எல்லோரும் அந்தப் பத்து டாலரையே பேசுகிறார்கள். பெரிய அடி அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. தெரபிஸ்டின் பயண நேரத்தை இனி மணிக்கட்டணத்தில் பாதி விலைக்குத்தான் கிளெய்ம் பண்ணலாம். நகரப் பகுதிகளில் ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 30 நிமிடம் என்ற பழைய வரம்பும் அப்படியே இருக்கிறது.

சிட்னியில் ஒரு மணி நேர பிசியோ, வர அரை மணி. இன்வாய்ஸில் இரண்டே வரி:

ஜூன் 30: செஷன் 193.99, பயணம் 97.00. மொத்தம் 290.99.
ஜூலை 1: செஷன் 183.99, பயணம் 46.00. மொத்தம் 229.99.

61 டாலர் போயிருக்கிறது. அதில் 10 டாலர் கட்டணக் குறைப்பால், 51 டாலர் பயணத்தால். பெர்த்தில் அதே செஷன் 336.93-லிருந்து 229.99-க்கு வந்துவிட்டது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணோம்.

குடும்பத்தின் பிளானில் எதுவும் குறையவில்லை என்பது உண்மைதான். தாளில் பார்த்தால் கூடியே இருக்கிறது: 9,700 டாலருக்கு முன்பு 50 மணி நேர பிசியோ, இப்போது 52 மணி நேரத்துக்கும் மேல். அந்த மணி நேரத்தை வீட்டில் வந்து செய்ய ஆள் இருக்கிறாரா என்பது வேறு கணக்கு.

வென்ட்வொர்த்வில் வாசி | 6 அக்டோபர்

நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். அன்றாட வேலைகளுக்கு உதவும் சப்போர்ட் வொர்க்கருக்கு விலை கூடியது என்கிறார்களே? அவர்களுக்குக் கூட்டி இவர்களுக்கு ஏன் குறைக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை | 6 அக்டோபர்

ஆமாம், 2025 ஜூலையில் வார நாள் பகல் நேரத்துக்கு 67.56-லிருந்து 70.23. அது சம்பள ஒழுங்குமுறையோடு கட்டிவைத்த எண். குறைந்தபட்சச் சம்பளமும் சூப்பரும் (முதலாளி கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பு) ஏறினால் தானாக ஏறும். தெரபி விலைக்கு அப்படி ஒரு கயிறு கிடையாது. சந்தை விலையோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் முடிவு செய்கிறார்கள். இந்தத் தடவை, மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு), தனியார் காப்பீடு பக்கம் வாங்கும் கட்டணத்தைவிட இங்கே கூடுதல் என்று சொல்லிக் குறைத்தார்கள். சூப்பர் அதே 2025 ஜூலையில் 12 விழுக்காடானது; அது தெரபி கிளினிக்குகளுக்கும் சேர்த்துத்தான்.

பெர்த்_பிசியோ | 7 அக்டோபர்

அந்த ஒப்பீட்டில்தான் தகராறே. கிளினிக்கில் முழங்கால் வலிக்கு இருபது, முப்பது நிமிடம் பார்ப்பதும், செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) உள்ள 9 வயதுப் பிள்ளையின் வீட்டில் ஒரு மணி நேரம் நிற்பதும் ஒரே "பிசியோ" என்ற பெயரில் ஒரே தராசில் ஏறுகின்றன.

வீட்டு விசிட்டில் என்ன நடக்கிறது என்று விலை ஆவணத்தில் தெரியாது, அதனால் எழுதுகிறேன். வீல்சேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கையின் ஆழம் சரியா என்று பார்க்க, பிள்ளையின் இடுப்பு பின்பலகையைத் தொட்டபடி இருக்கும்போது முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் விளிம்பு குத்தும். பிள்ளை அதைத் தவிர்க்க இடுப்பை முன்னால் சறுக்கும். சறுக்கினால் வால் எலும்பில் பாரம், முதுகு வளைவு. நாலு விரல் நுழைந்தால் தொடைக்குத் தாங்கல் போதாது. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் இந்த இடைவெளி மாறிவிடும். இதுவரை கிளினிக்கிலேயே பார்க்கலாம். ஆனால் அதே சேர் வீட்டுக் கழிப்பறைக் கதவில் நுழையுமா? பழைய வீடுகளில் அந்தக் கதவு 720 மில்லிமீட்டர். திறந்த கதவுப் பலகையும் இடத்தைத் தின்னும், கிடைக்கும் வெளி அதைவிடக் குறைவு. சக்கரத்தின் வெளி விளிம்பு தாண்டினாலும், சக்கரத்தைக் கையால் உருட்டுகிறவரின் விரல் முட்டி தாண்டாது. ஆளைத் தூக்கும் ஹோய்ஸ்டின் கால்கள் கட்டிலுக்கு அடியில் போகுமா, கார்ப்பெட்டில் உருளுமா, அதில் ஆளைத் தாங்கும் ஸ்லிங்கின் பட்டி எந்தக் கண்ணியில் மாட்டியிருக்கிறது, இதெல்லாம் வீட்டில்தான் தெரியும்.

வீட்டு விசிட் நின்றால் முதலில் கைவிடப்படுவது இந்தச் சரிபார்ப்புகள்தான். உடற்பயிற்சி எப்படியாவது நடக்கும். ஸ்லிங் தப்பாக மாட்டியிருப்பது ஆள் விழுந்த பிறகுதான் வெளியே வரும்.

ஒரு சின்ன யோசனை: வாராந்தர பயிற்சியைக் கிளினிக்குக்கு மாற்றிக்கொண்டாலும், மூன்று மாதத்துக்கு ஒரு வீட்டு விசிட் என்று தெரபிஸ்டோடு போடும் சர்வீஸ் அக்ரிமென்ட்டில் தனியாக எழுதி வாங்குங்கள். 90 நிமிடம் போதும். ஆண்டுக்கு நாலு தடவை வருவதற்குப் பெரும்பாலான பிசியோக்கள் மறுக்க மாட்டார்கள்.

நேரே_கேட்பவன் | 7 அக்டோபர்

எல்லாம் சரி. ஆனால் காருக்குள் உட்கார்ந்திருக்கும் அரை மணிக்கு 97 டாலர் கொடுத்ததே தப்பு இல்லையா? அது பிள்ளையின் பிளானிலிருந்து போன காசு. "என்.டி.ஐ.எஸ்ஸா?" என்று கேட்ட மறுநிமிடம் விலையை ஏற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். திட்டத்தின் செலவு 2024-25-இல் 46 பில்லியன் டாலர் பக்கம் போய்விட்டது. வளர்ச்சியை 2026 ஜூலைக்குள் 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 2023-இலேயே தேசிய அமைச்சரவை முடிவு செய்தது, 2025 ஆகஸ்டில் அமைச்சர் மார்க் பட்லர் 5, 6 விழுக்காடு என்று இன்னும் இறக்கிப் பேசினார். எங்கேயாவது வெட்டித்தானே ஆகணும்?

பேச்சுக்கிளி | 7 அக்டோபர்

நல்ல கேள்வி, நியாயமும் இருக்கு. ஸ்பீச் தெரபிப் பக்கத்துக் கணக்கை வைச்சே பாப்பம்.

ஒரு நாளில நாலு வீடு. ஒவ்வொண்டுக்கும் அரை மணி ஓட்டம், கடைசியில திரும்பி வர அரை மணி. பிள்ளையளோட 4 மணி, காரில 2.5 மணி. முந்தி: 775.96 + 484.98 = 1,260.94. இப்ப: 775.96 + 242.49 = 1,018.45. அதே 6.5 மணியைக் கிளினிக்கில இருந்து ஆறு பிள்ளையைப் பாத்தால் 1,163.94.

இப்ப விளங்குதா? முந்தி வீட்டுக்குப் போறது கிளினிக்கை விட ஒரு நூறு டாலர் கூட. இப்ப நூற்றி நாப்பத்தைஞ்சு டாலர் குறைவு. முந்தின விலையில கிட்ட இருக்கிற வீடுகளுக்கும் தேவையில்லாமல் ஓடின ஆக்கள் இருந்தவை, அதை ஒத்துக்கொள்ளுறன். பாதியாக்கினதோட தராசு மற்றப் பக்கம் சாய்ஞ்சிட்டுது. முக்கால்வாசியில நிப்பாட்டியிருந்தால் 1,139.69 வந்திருக்கும், கிளினிக்கோட கிட்டத்தட்டச் சமன். அரசாங்கத்துக்குக் கொஞ்சம் மிச்சம், வீட்டுக்குப் போறவைக்கும் நட்டம் இல்லை. அந்த நடு வழியை ஏன் விட்டவை எண்டுதான் எனக்கு விளங்கேல்ல.

கூட வாங்கிற ஆக்களைப் பற்றி: காரணமில்லாமல் என்.டி.ஐ.எஸ் ஆள் எண்டதுக்காக விலை ஏத்துறது நடத்தை விதியை மீறுறது. கண்காணிப்பு அமைப்பான என்.டி.ஐ.எஸ் குவாலிட்டி அண்ட் சேஃப்கார்ட்ஸ் கமிஷனுக்கு முறையிடலாம். அதுக்கும் பயண விலைக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

வென்ட்வொர்த்வில் வாசி | 7 அக்டோபர்

அக்கா, ஸ்பீச் தெரபியை ஜூமில் செய்யலாம் என்று சொல்கிறார்கள். விலையும் அதே, பயணமும் இல்லை. அதை எடுத்துக்கொள்ளலாமா?

பேச்சுக்கிளி | 8 அக்டோபர்

எதுக்கு எண்டதைப் பொறுத்தது. உச்சரிப்பு, திக்குவாய், தாய் தகப்பனுக்குப் பயிற்சி குடுக்கிறது, கதைக்கிற கருவியில சொல் சேர்க்கிறது, இதெல்லாம் திரையில நல்லாவே நடக்கும். 4 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு நேரடியாகத் திரையில செய்யிறது கஷ்டம். அதில அம்மா அப்பாவுக்குத்தான் செஷன், பிள்ளைக்கு இல்லை எண்டு நினைச்சு எடுங்கோ.

சாப்பாடு விழுங்கிற பிரச்சினை எண்டால் நேரில பாக்காமல் விடவே கூடாது. கிளினிக்கிலயும் போதாது. ஏன் எண்டு சொல்லுறன். கிளினிக்குக்குக் கொண்டு வாற சாப்பாடு யோகட், மசிச்ச வாழைப்பழம். வீட்டில பிள்ளை சாப்பிடுறது புட்டும் சோறும். உணவுப் பதத்துக்கு ஐ.டி.டி.எஸ்.ஐ எண்டு 0 முதல் 7 வரை உலகப் பொது அளவு இருக்கு. 5-ஆம் படி எண்டால் துண்டு சிறுபிள்ளைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, பெரியாக்களுக்கு 4. சாதாரண முள்ளுக்கரண்டியின்ர பல்லிடைவெளிதான் அந்த 4. 6-ஆம் படியில சிறுபிள்ளைக்கு 8, பெரியாக்களுக்கு 15. இதைத் தாளில எழுதித் தந்தால் வீட்டில என்ன செய்வினம்? புட்டு சின்னத் துகள்தானே, 2 மில்லிமீட்டருக்குள்ளதானே எண்டு குடுப்பினம். அங்கதான் ஆபத்து. உலர்ந்து உதிருற சாப்பாடு வாயில உருண்டையாகச் சேராது, துகள் துகளாக மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். பாலும் வாழைப்பழமும் போட்டுப் பிசைஞ்சு, கரண்டியைச் சரிச்சால் ஒரே கட்டியாக வழுக்கி விழவேணும். சோறும் அப்பிடித்தான்: மணி மணியாக உதிரவும் கூடாது, களி மாதிரி ஒட்டவும் கூடாது. பருப்பு, சொதி எவ்வளவு விட்டால் அந்தப் பதம் வரும் எண்டதை அந்த வீட்டு அடுப்படியில நிண்டு, அந்த வீட்டுப் பானையில பாத்துத்தான் எழுதலாம். சப்போர்ட் வொர்க்கர் வேற நாட்டுக்காரர் எண்டால், படம் எடுத்து, எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறது எண்டு எழுதின மீல்டைம் பிளானில ஒட்டவேணும்.

அதனால, விழுங்கிற பிரச்சினைக்கு வீட்டு விசிட்டை விட்டுக்குடுக்காதேங்கோ. மிச்சத்தைத் திரையிலயோ கிளினிக்கிலயோ எடுங்கோ.

வென்ட்வொர்த்வில் வாசி | 8 அக்டோபர்

மிக்க நன்றி. இன்னொன்று: புதிய பிளான்களில் தெரபித் தொகையை மூன்று மாதத் தவணையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். முதல் தவணை பத்தாவது வாரத்திலேயே தீர்ந்துவிட்டால், மிச்ச வாரங்களுக்கு என்ன செய்வது? அடுத்த தவணையிலிருந்து எடுக்க முடியாதாமே.

கணக்குப்பிள்ளை | 8 அக்டோபர்

எடுக்க முடியாது. 2025 மே 19-லிருந்து போடும் புதிய பிளான்களில் ஃபண்டிங் பீரியட், அதாவது இந்தத் தவணை முறை, வந்துவிட்டது. பெரும்பாலும் மூன்று மாதம். ஒரு தவணையில் மிஞ்சியது அடுத்த தவணைக்குப் போகும், பிளான் முடிந்தால் அடுத்த பிளானுக்குப் போகாது. அடுத்த தவணையின் காசை இப்போது தொட முடியாது.

இடிக்கிற இடம் இதுதான். ஆண்டுக்கு 12,000 டாலர் தெரபி என்றால் தவணைக்கு 3,000. முதல் மாதத்திலேயே ஓ.டி ஒருவர் ஃபங்ஷனல் கெப்பாசிட்டி அசெஸ்மென்ட் (அன்றாடச் செயல்திறன் மதிப்பீடு) எடுக்கிறார், அறிக்கையோடு 10 மணி நேரம். 1,939.90 போயிற்று. மிச்சம் 1,060.10. அதாவது அந்த மூன்று மாதத்துக்கு எல்லாத் தெரபியும் சேர்த்து ஐந்தரை மணி நேரத்துக்குள். வாரா வாரம் வந்த ஸ்பீச் ஆறாவது வாரம் நின்றுவிடும். தெரபிஸ்ட் இன்வாய்ஸ் அனுப்பினால் "தவணையில் தொகை போதாது" என்று திரும்பும், அவரும் குடும்பமும் சங்கடப்படுவார்கள்.

செய்யக்கூடியது:

கிளெய்ம், வேலை நடந்த தேதியைப் பார்க்கும். அசெஸ்மென்ட்டை ஒரு தவணையின் கடைசி இரண்டு வாரத்திலும் அடுத்த தவணையின் முதல் இரண்டு வாரத்திலும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பதும் டெஸ்ட்டும் முதல் பாதியில் 5 மணி, எழுதுவது அடுத்த பாதியில் 5 மணி. தெரபிஸ்டுக்கு இதில் சிரமமே இல்லை, சொன்னால் போதும்.

சர்வீஸ் அக்ரிமென்ட்டில் "ஆண்டுக்கு 40 மணி" என்று எழுதாமல் தவணைக்கு எத்தனை மணி என்று எழுதுங்கள். ஓ.டி, ஸ்பீச், பிசியோ மூவரும் ஒரே பானையில் கை விடுகிறார்கள். ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. பள்ளி விடுமுறையில் குறையும் செஷன்களையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் எங்கே வரும் என்று தெரிந்துவிடும்.

பிளானிங் மீட்டிங்கிலேயே, அசெஸ்மென்ட் எப்போது வரும் என்று தேதியோடு சொல்லி, தவணையை நீளமாகவோ முதல் தவணையைக் கூடுதலாகவோ கேளுங்கள். சும்மா "மூன்று மாதம் போதாது" என்றால் நடக்காது. "இந்த மாதம் வீல்சேர் ட்ரையல், இத்தனை மணி" என்றால் கேட்பார்கள்.

முன்பணமாக வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். இன்னும் நடக்காத செஷனுக்கு முன்கூட்டியே கிளெய்ம் பண்ண முடியாது.

ஓடி_மெல்பர்ன் | 9 அக்டோபர்

தெரபி மணி நேரமே குறைந்து வந்த பிளான்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. மறுஆய்வு, சூழ்நிலை மாற்றக் கோரிக்கை என்ற இரண்டு வழிகளையும் குழப்பிக்கொண்டு நாளை விடுகிறவர்கள் நிறைய, அதனால் முதலில் அது.

முடிவு தப்பு என்றால் உள் மறுஆய்வு. முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். திட்டத்தை நடத்தும் ஏஜென்சி பதில் சொல்ல 60 நாள். அதிலும் ஒப்பவில்லை என்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். 2024 அக்டோபரில் பழைய தீர்ப்பாயமான ஏ.ஏ.டி போய், அதன் இடத்தில் வந்த ஏ.ஆர்.டிதான் இது. அங்கே துணைக்கு வர, கட்டணம் வாங்காத அட்வகேட்டுகளுக்கு அரசு நிதி கொடுக்கிறது.

முடிவு அன்றைக்குச் சரி, பிறகு நிலைமை மாறியது என்றால் அது சூழ்நிலை மாற்றக் கோரிக்கை. 21 நாளில் பதில். பிள்ளைக்கு வலிப்பு தொடங்கியது, பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு முடியாமல் போனது, அறுவை சிகிச்சை, இப்படி. "தொகை போதவில்லை" என்பது சூழ்நிலை மாற்றம் ஆகாது. அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் மறுஆய்வுக்கான மூன்று மாதம் ஓடிவிடும். இதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மறுஆய்வில் தொகை கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்பதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

அடுத்து அறிக்கை. தோற்கும் அறிக்கைகளில் ஒரே குறை: "வாரம் ஒரு மணி ஓ.டி பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒற்றை வரி. அந்த ஒரு மணி எங்கே போகிறது என்று உடைத்துக் காட்ட வேண்டும். 46 மணி என்றால்: நேரடி செஷன் 30, பள்ளியோடு பேச 4, தெரபி அசிஸ்டென்ட்டைப் பயிற்றுவிக்க 4, கருவி ட்ரையல் 3, அறிக்கை 5. பிறகு அளவு. "முன்னேற்றம் உள்ளது" என்பதற்கு விலை கிடையாது. "மார்ச்சில் சட்டை போட முழு உதவி; செப்டம்பரில் கையை நுழைக்கிறார், பொத்தானுக்கு மட்டும் உதவி; காலையில் 25 நிமிடம் ஆனது 12 நிமிடம்" என்றால் எண் இருக்கிறது. அதற்கடுத்து, நிறுத்தினால் என்ன ஆகும், அதற்கு எத்தனை மணி சப்போர்ட் வொர்க்கர் தேவைப்படும் என்று 70.23-ஆல் பெருக்கிக் காட்டுங்கள். ஏஜென்சிக்குப் புரியும் மொழி அது.

பயணத்தையும் அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்: எத்தனை விசிட் வீட்டில், ஏன் வீட்டில்தான், எத்தனை நிமிடம். பயணத்துக்குத் தனிப் பை கிடையாது, அதே தெரபித் தொகையிலிருந்துதான் கழிகிறது.

பேச்சுக்கிளி | 9 அக்டோபர்

அறிக்கை விஷயத்தில எங்கட பிள்ளையளுக்கு எண்டு ஒண்டு சேர்க்கவேணும். சி.இ.எல்.எஃப் மாதிரியான ஆங்கில மொழித்திறன் டெஸ்ட்டுகளின்ர சராசரி பெரும்பாலும் ஆங்கிலம் நல்லாக் கதைக்கிற பிள்ளையளை வைச்சு எடுத்தது. வீட்டில தமிழ், பள்ளியில ஆங்கிலம் எண்ட பிள்ளையின்ர புள்ளி குறைவாக வந்தால் அது குறைபாடா, ஆங்கிலம் போதாததா எண்டு அந்த எண் சொல்லாது. ரெண்டு விதமாகவும் பிழை வரும்: தேவை இல்லாத பிள்ளைக்கு லேபிள் ஒட்டும், தேவை உள்ள பிள்ளைக்கு "ரெண்டு மொழியால வந்த பிரச்சினை, கொஞ்சக் காலத்தில சரியாகும்" எண்டு காசு மறுக்கும். ரெண்டாவது நடந்தால் மறுஆய்வில தமிழிலயும் மதிப்பிட்ட அறிக்கை வேணும். தமிழ் தெரிஞ்ச ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லாட்டி அரசாங்க உரைபெயர்ப்புச் சேவையான டி.ஐ.எஸ் நேஷனல் உரைபெயர்ப்பாளரோட செய்யலாம். நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதை முதலே மணிக்கணக்கில எழுதுவியுங்கோ. உரைபெயர்ப்பாளர் பிள்ளை சொன்னதைத் திருத்தாமல், பிழையோட அப்பிடியே சொல்லவேணும் எண்டு தொடங்க முதல் சொல்லி வையுங்கோ. "நான் சாப்பிட்டான்" எண்டு பிள்ளை சொன்னதை அவர் ஆங்கிலத்தில வடிவாகத் திருத்திச் சொன்னால் தெரபிஸ்டுக்குப் பிழையே தெரியாது.

நேரே_கேட்பவன் | 9 அக்டோபர்

அசிஸ்டென்ட் என்று ஓ.டி சொன்னார். அது மலிவு வேலையா, ஏமாற்றா?

ஓடி_மெல்பர்ன் | 9 அக்டோபர்

சரியாக வைத்தால் இன்றைய நிலையில் இருக்கும் நல்ல வழி அதுதான். 2025-26 விலைப்படி லெவல் 1 மணிக்கு 56.16, ஆனால் தெரபிஸ்டின் கண்பார்வையிலேயே வேலை செய்ய வேண்டும், வீட்டு விசிட்டுக்கு ஆகாது. லெவல் 2 மணிக்கு 86.79, தனியாக வரலாம். ஒரு தெரபிஸ்ட் மணிக்கு ஈடாக லெவல் 2 இரண்டேகால் மணி கிடைக்கும். தெரபிஸ்ட் எழுதிய நிகழ்ச்சித் திட்டம் கையில் இருக்க வேண்டும்: என்ன பயிற்சி, எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது, எதைக் குறித்துவைப்பது. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை தெரபிஸ்ட் வந்து பார்த்து மாற்ற வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஆள் மட்டும் வந்தால், 86.79-க்கு விளையாட்டுத் துணைதான் கிடைக்கும்.

விழுங்குதல், ஹோய்ஸ்ட் மாற்றம், புதிய ஸ்பிளிண்ட் (கை, கால் தாங்கி) ஆகியவற்றில் முடிவெடுப்பதை அசிஸ்டென்ட்டிடம் விடக்கூடாது.

ரெஜென்ட்ஸ்பார்க் | 10 அக்டோபர்

பிரிட்ஜிங் (இடைக்கால) விசாவில் இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு என்.டி.ஐ.எஸ் கிடைக்குமா? பத்து வருடம் இருந்தால் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார்.

கணக்குப்பிள்ளை | 10 அக்டோபர்

பிரிட்ஜிங் விசாவுக்குக் கிடைக்காது. குடியுரிமை, நிரந்தர வதிவுரிமை, அல்லது பாதுகாக்கப்பட்ட நியூசிலாந்து விசா வேண்டும். பத்து வருடம் என்பது அரசு உதவித்தொகை அலுவலகமான சென்டர்லிங்க்கின் டிசபிலிட்டி சப்போர்ட் பென்ஷன் விதி, அதை இதோடு குழப்பியிருக்கிறார்கள். அகதிகளுக்கான தற்காலிக விசாக்களான டி.பி.வி, ஷெவ்விலிருந்து 2023 முதல் ரெசொலூஷன் ஆஃப் ஸ்டேட்டஸ் விசாவுக்கு மாறியவர்கள் நிரந்தர வதிவாளர்கள். அந்த விசா கையில் வந்த அன்றே விண்ணப்பிக்கலாம். நம் ஆட்களில் பலர் இது தெரியாமல் சும்மா இருக்கிறார்கள்.

வென்ட்வொர்த்வில் வாசி | 10 அக்டோபர்

8 வயதுக்குக் கீழே உள்ள ஆட்டிசம் பிள்ளைகளை என்.டி.ஐ.எஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

ஓடி_மெல்பர்ன் | 10 அக்டோபர்

வாட்ஸ்அப் பாதியைத்தான் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 20-ந் தேதி பட்லர் அறிவித்தது "த்ரைவிங் கிட்ஸ்". 8 வயதும் அதற்குக் கீழும், லேசான அல்லது நடுத்தரத் தேவை உள்ள வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு. மத்திய அரசு 2 பில்லியன், மாநிலங்களும் அதே அளவு போட வேண்டும் என்பது அப்போதைய கோரிக்கை. தொடக்கம் 2026 ஜூலை என்று அப்போது அறிவித்தார்கள். நிரந்தரமான, கூடுதல் தேவை உள்ள பிள்ளைகள் என்.டி.ஐ.எஸ்ஸிலேயே. இப்போது பிளான் உள்ளவர்கள் பயந்து தெரபியை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் "தேவை இல்லை" என்பதற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

இடைக்காலத்துக்கு மெடிகேரையும் பாருங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, நரம்பு வளர்ச்சிக் கோளாறு அல்லது பட்டியலில் உள்ள குறைபாடு இருந்தால், வாழ்நாளில் 20 தெரபி செஷனும் 8 மதிப்பீட்டு செஷனும் உண்டு. குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஜி.பி (குடும்ப மருத்துவர்) போடும் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் ஆண்டுக்கு 5. இந்த 5-இல் ஒரு செஷனுக்கு 2025-இல் திரும்பக் கிடைத்தது 60 டாலர் சொச்சம்தான், மீதி கைக்காசு. ஒரே செஷனை என்.டி.ஐ.எஸ், மெடிகேர் இரண்டிலும் போட முடியாது.

பெர்த்_பிசியோ | 11 அக்டோபர்

பயணச் செலவைப் பகிர்வதை யாரும் தொடவில்லையே. கணக்குப்பிள்ளை, அதைப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | 11 அக்டோபர்

மறந்தே போச்சு. ஒரே பகுதியில் ஒரே நாளில் பல பேரைப் பார்த்தால் பயணத்தைப் பிரித்துப் போட விதி இடம் தருகிறது, எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

சிட்னியில் தூங்காபி, பெண்டில் ஹில், கிராவீன் பக்கம் மூன்று வீடு என்று வையுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் வர 30 நிமிடம், வீட்டுக்கு வீடு 10, 10, திரும்ப 30. மொத்தம் 80 நிமிடம். பாதி விலையில் 129.33. மூன்றாகப் பிரித்தால் வீட்டுக்கு 43.11. தனித்தனி நாளில் வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வர 60 நிமிடம், 97 டாலர். குடும்பத்துக்கு விசிட்டுக்கு 54 டாலர் மிச்சம். தெரபிஸ்ட் காரில் இருப்பது 180 நிமிடத்துக்குப் பதில் 80.

தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூவரில் ஒருவர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அவர் பங்கு யார் தலையில்? அக்ரிமென்ட்டில் எழுதாவிட்டால் மற்ற இருவருக்கு 64.67 என்று இன்வாய்ஸ் வரும், சண்டை வரும். "பங்கு மாறாது" என்றோ "வந்தவர்களுக்குள் பிரிக்கப்படும்" என்றோ ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வென்ட்வொர்த்வில் வாசி | 11 அக்டோபர்

அண்ணா, மூன்று வீடுகளில் ஏஜென்சியே காசைக் கையாளும் ஏஜென்சி மேனேஜ்ட் பிளானும், பிளான் மேனேஜர் கையாளும் பிளான் மேனேஜ்ட் பிளானும் கலந்து இருந்தால் இப்படிப் பிரிக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை | 11 அக்டோபர்

முடியும். ஏஜென்சி மேனேஜ்ட் வீடு ஒன்று இருந்தாலும் தெரபிஸ்ட் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், அவ்வளவே. ஒவ்வொரு இன்வாய்ஸிலும் பயணத்தைத் தனி வரியாக, அவரவர் பங்கு நிமிடத்தோடு போடச் சொல்லுங்கள்: இந்தக் கணக்கில் 26.67 நிமிடம். மூவருக்கும் 80 நிமிடம் என்று முழுசாக வந்தால் அப்ரூவ் பண்ணாமல் திருப்பி அனுப்புங்கள்.